கேம்ப்ல கொடுக்கற அந்த ஃபாரத்த பத்தி: தேசிய குருதி பரிமாற்றுக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசிய குருதி பரிமாற்றுக் குழுமத்துல பொறுப்புல இருக்கறவங்களுக்கும், மாநிலங்கள்ல இதே வேலைய பாக்கறவங்களுக்கும் வணக்கம்.

பாலியல் ஆரோக்கியமும் ரத்தம் ஏத்தறதும் எங்க ஒன்னா வருதோ அங்கதான் என்னோட ஆராய்ச்சி. இத வெளிய சொன்னா முகத்த சுளிப்பாங்க, ரத்த தானம்னா புண்ணியம், அதுல போய் செக்ஸ் பேச்சு எதுக்குன்னு. ஆனா ப்ளட் பேங்க்ல வேலை பாக்கற யாரை வேணா கேளுங்க, ரெண்டும் ரத்தம் கொடுக்க வர்றவங்க நிரப்பற ஒரே ஃபாரத்துல தான் இருக்கு, பக்கத்து பக்கத்து வரியில. அந்த ஃபாரத்த பத்தியும் அதுக்கு பின்னாடி நீங்க எழுதி வச்சிருக்கற விதிய பத்தியும் தான் இந்த மடல்.

2017 அக்டோபர்ல நீங்க வெளியிட்ட டோனர் தேர்வு வழிகாட்டுதல்ல 12வது பிரிவும் 51வது பிரிவும் சொல்றது இதுதான்: திருநர், ஆண்களோட உறவு வச்சிக்கற ஆண்கள், பாலியல் தொழில் செய்யற பெண்கள், ஊசியில போதை ஏத்திக்கறவங்க, இவங்க எல்லாம் ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ரிஸ்க் உள்ளவங்க, அதனால ரத்தம் கொடுக்கக் கூடாது. ஆறு மாசத்துக்கோ ஒரு வருசத்துக்கோ இல்ல, நிரந்தரமா. பத்து வருசமா ஒரே துணையோட இருக்கற திருநங்கையும் இதுல அடக்கம், யாரோடவும் உறவே இல்லாத திருநங்கையும் அடக்கம். அதே லிஸ்ட்ல "பல பேரோட உறவு வச்சிருக்கறவங்க"ன்னும் ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க, ஆனா எத்தன பேரு, எத்தன மாசத்துல, காண்டம் போட்டா இல்லாமலா, ஒன்னுமே கிடையாது.

முதல்லயே ஒன்ன சொல்லிடறேன், இல்லன்னா மடல பாதியிலயே மூடிடுவீங்க. ரத்தம் கொடுக்கறது யாரோட உரிமையும் இல்ல, பாதுகாப்பான ரத்தம் கிடைக்கறது தான் நோயாளியோட உரிமை, இதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ரெண்டு மூனு வாரத்துக்கு ஒரு தடவ ரத்தம் ஏத்திக்கிட்டே வாழற, தலசீமியாங்கற பிறவி ரத்த நோய் இருக்கற குழந்தைங்களோட அப்பா அம்மாவுக்கு ஒவ்வொரு யூனிட்டும் பயம் தான், அந்த பயத்த "முற்போக்கு" பேசி தள்ளி வைக்க நான் தயாரா இல்ல. ஹெச்ஐவி இருக்கற ஒருத்தரோட ரத்தம் 10,000 பேருக்கு ஏறுச்சுன்னா சுமார் 9,250 பேருக்கு தொத்திக்கும்னு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்ற கணக்கு. அதே 10,000 தடவ பாதுகாப்பில்லாத ஆசனவாய் உறவுல, உள்வாங்கற ஆளுக்கு 138, பெண்ணுறுப்பு வழி உறவுல பெண்ணுக்கு 8. அதனால எந்த மாதிரி உறவுன்னு கேக்கறது அநாகரிகம் இல்ல, கேட்டே ஆகணும். என் புகாரே நீங்க அத கேக்கலங்கறது தான், கேக்காம ஆள பாத்து முத்திரை குத்திட்டு போயிடறீங்க.

எதனால கேக்கணும்னா விண்டோ பீரியட். கிருமி உள்ள வந்தும் டெஸ்ட்ல தெரியாத நாட்கள். கிருமியோட மரபணுவையே நேரா தேடற நாட் (NAT) டெஸ்ட்ல ஹெச்ஐவி சுமார் 10 நாள்ல பிடிபட ஆரம்பிக்கும், உடம்பு உண்டாக்கற எதிர்ப்புப் பொருள தேடற எலிசாவுல அத விட தள்ளித் தான், வாரக் கணக்குல. பல வருசத்துக்கு முன்னாடி தொத்தினது இருந்தா இன்னிக்கு டெஸ்ட்லயே தெரிஞ்சிடும், ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நடந்தது தான் நழுவும். அப்ப டோனர்கிட்ட கேக்க வேண்டியது போன மூனு மாசத்துல என்ன நடந்துச்சுன்னு தானே, பிறப்பையும் பாலினத்தையும் வச்சு ஆயுசுக்கும் கதவ சாத்தறதுல அந்த ரெண்டு வாரம் எப்படி பிடிபடும்? நாட் டெஸ்ட்ட நாடு முழுக்க கட்டாயம் ஆக்காத நிலைமையில, அந்த கேள்வி இன்னும் முக்கியம் ஆகுது, குறையல.

இப்ப கேம்புக்கு வாங்க. காலேஜ் ஆடிட்டோரியம், வாசல்ல பேனர், உள்ள நீளமா பெஞ்ச் போட்டு பசங்க தோளோட தோள் இடிச்சிக்கிட்டு ஃபாரம் நிரப்புவாங்க. முதல் பையன் எல்லாத்துக்கும் "இல்லை" டிக் அடிப்பான், பக்கத்துல இருக்கறவன் அத எட்டி பாத்து அதே மாதிரி மேல இருந்து கீழ வரைக்கும் கோடு போட்ட மாதிரி இழுத்துட்டு போவான். மஞ்சள் காமாலை, மலேரியா, பச்சை குத்தினது, பாலியல் உறவு, எல்லாம் ஒரே கோட்டுல. அப்புறம் டாக்டர் முன்னாடி உக்காந்தா, முதுகுக்கு பின்னாடி நாலு பேரு வரிசையில நிக்கறாங்க, லெக்சரர் பக்கத்துலயே போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கார். அங்க எந்த பையன் வாய திறந்து "ஆமா சார், போன மாசம்"னு சொல்லுவான்? எடை, பிபி, ஹீமோகுளோபின் பாக்கறதுக்கு ஆகற நேரத்துல கால்வாசி கூட இந்த கேள்விக்கு கிடையாது. பல எடத்துல இத பக்கத்துல நின்னு பாத்துருக்கேன், ஒரு மடிக்கற ஸ்கிரீன் வச்ச கேம்ப் அபூர்வம்.

ஆஸ்பத்திரியில நிலைமை இன்னும் மோசம். "யூனிட்டுக்கு ஆள கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்லி நைட்டோட நைட்டா சொந்தக்காரங்கள இழுத்துட்டு வருவாங்க, ஆபரேஷன் தியேட்டர்ல அக்கா கிடக்கும்போது மாமா பக்கத்துல நின்னுக்கிட்டு இருக்க, தம்பிகிட்ட போய் "வெளி உறவு உண்டா"ன்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான். 1996ல உச்ச நீதிமன்றம் சொல்லி, 1998 ஜனவரி 1ல இருந்து காசுக்கு ரத்தம் விக்கறது நின்னுச்சு, உங்க குழுமமே அந்த தீர்ப்புல இருந்து வந்தது தான். காசு போயி, இப்ப அந்த எடத்துல குடும்ப நிர்ப்பந்தம் உக்காந்திருக்கு. நிர்ப்பந்தத்துல வர்றவன் உண்மைய மறைப்பான், இது கெட்ட எண்ணம் இல்ல, வேற வழி இல்ல அவனுக்கு.

உங்க பக்கத்து வாதம் எனக்கு தெரியும். 2017 கண்காணிப்பு கணக்குப்படி வயது வந்தவங்கள்ல ஹெச்ஐவி சுமார் 0.2 சதவீதம், திருநங்கைகள் கிட்டயும் ஆண்களோட உறவு வச்சிக்கற ஆண்கள் கிட்டயும் 3 சதவீதத்த ஒட்டி. பல மடங்கு வித்தியாசம், இத மறைச்சு பேசறவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. ஆனா இந்தியாவுல ஹெச்ஐவி பெரும்பாலும் பரவறது ஆண் பெண் உறவுல தான், ஹெச்ஐவி டெஸ்ட்டும் ஆலோசனையும் தர்ற நம்பிக்கை மையத்துக்கு வர்ற எத்தனையோ பெண்களுக்கு அது வந்தது புருசன்கிட்ட இருந்து. அந்த புருசன் நிம்மதியா கேம்புக்கு வந்து, கோடு இழுத்துட்டு, ஜூஸ் குடிச்சிட்டு, சர்டிஃபிகேட் வாங்கிட்டு போறார். உங்க லிஸ்ட் அவர தொடவே தொடாது, ஏன்னா பாக்கறதுக்கு அவர் "ரிஸ்க்" இல்ல. அதே நேரம் லிஸ்ட்ல இருக்கற ஆண்கள்ல பல பேரு கல்யாணம் ஆனவங்களா இருப்பாங்க, அவங்களும் "இல்லை" டிக் அடிச்சிட்டு கொடுத்துட்டு தான் போறாங்க, வெளிய தெரியற மாதிரி இருக்கற திருநங்கை மட்டும் வாசல்லயே திரும்பறாங்க. அப்ப இந்த விதி உண்மையில யார தடுக்குது?

மத்த நாட்டுக்காரங்க இத யோசிச்சிட்டாங்க. இத்தாலி 2001லயே ஆள பாக்காம நடத்தைய பாக்க ஆரம்பிச்சது. பிரிட்டன்ல 2021 ஜூன் 14ல இருந்து ஆண் பெண் யாரா இருந்தாலும் ஒரே கேள்வி, போன மூனு மாசத்துல புது துணையோ ஒன்னுக்கு மேல துணையோ இருந்தாங்களா, அதுல ஆசனவாய் உறவு உண்டான்னு. கனடா 2022, அமெரிக்கா 2023 மே. அவங்க எல்லாருக்கும் நாட் டெஸ்ட் இருக்கு, நமக்கு எல்லா எடத்துலயும் இல்ல, அதனால அப்படியே காப்பி அடிங்கன்னு சொல்ல மாட்டேன். இங்க தள்ளி வைக்கற காலம் மூனு மாசத்துக்கு பதிலா ஆறு மாசம்னு நீங்க முடிவு பண்ணா கூட அதுக்கு நியாயம் இருக்கும். நம்ம ஆட்கள வச்சு, நம்ம கேம்ப்ல, ஒரு ஆய்வு பண்ணி முடிவு பண்ணுங்க. 2021ல மணிப்பூரோட திருநர் செயல்பாட்டாளர் சாந்தா குராய் இந்த விதிய எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனாங்க, அதுக்கு 2023ல ஒன்றிய அரசு பதில் மனுவுல "அறிவியல் அடிப்படையில தான் விலக்கியிருக்கோம்"னு தான் சொன்னாங்க. சரி, ஆனா விதி எழுதினது 2017 அக்டோபர், ஒரே பாலின உறவ குற்றம்னு சொன்ன 377வது பிரிவுல தீர்ப்பு வந்து அது குற்றம் இல்லன்னு ஆனது 2018 செப்டம்பர். குற்றவாளின்னு சட்டம் சொன்ன காலத்துல எழுதின விதிய அதுக்கப்புறம் ஒரு தடவயாச்சும் திருப்பி பாக்க வேணாமா.

2018 டிசம்பர், விருதுநகர் மாவட்டம் சாத்தூர் கர்ப்பிணி விஷயம் நம்ம யாருக்கும் மறக்காது. ரத்த சோகைன்னு ஏத்தின ரத்தத்துல ஹெச்ஐவி. கொடுத்தவர் சின்ன வயசு, 2016லயே ஒரு கேம்ப்ல அவரோட ரத்தம் பாசிட்டிவ்னு வந்திருந்தும் தகவல் அவர்கிட்ட போய் சேரல. வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்தப்ப தெரிஞ்சிக்கிட்டு, அவரே தான் போய் சொன்னார், அதுக்குள்ள ஏத்தியாச்சு. அந்த மாசம் முடியறதுக்குள்ள அவரும் தன் உயிர மாய்ச்சிக்கிட்டார். இந்த சங்கிலியில எந்த எடத்துல உங்க நிரந்தர தடை வேலை செஞ்சிருக்கும்? எங்கயும் இல்ல. அறுந்தது டெஸ்ட்லயும், டோனருக்கு ரிசல்ட்ட சொல்ற எடத்துலயும்.

அதனால நான் கேக்கறது: எல்லாருக்கும் ஒரே கேள்வி, கால அளவோட, தனியா உக்கார வச்சு. கேம்புக்கு அனுமதி கொடுக்கும்போதே மறைவான எடம் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அனுமதி கொடுக்காதீங்க, இதுக்கு கோடி கோடியா பட்ஜெட் வேணாம். டெஸ்ட்ல ரியாக்டிவ்னு, அதாவது தொற்று இருக்கலாம்னு வந்தவர நம்பிக்கை மையத்துக்கு கூட்டிட்டு போய் சேக்கற வரைக்கும் ப்ளட் பேங்க் கவுன்சிலரோட பொறுப்பு முடியலன்னு எழுதுங்க, "போன் எடுக்கல"ன்னு ரிஜிஸ்டர்ல எழுதி மூடறதுக்கு இடம் வைக்காதீங்க. அவங்க ரகசியத்த காக்கணும்னு 2018 செப்டம்பர் 10ல இருந்து அமல்ல இருக்கற ஹெச்ஐவி சட்டமே சொல்லுது, அது வெளிய கசியாதுங்கற நம்பிக்கை வந்தா தான் ஜனங்க உண்மைய சொல்லுவாங்க.

இன்னொன்னு, இத யாருமே பேசறதில்ல. ஹெச்ஐவி வராம இருக்க முன்கூட்டியே போட்டுக்கற ப்ரெப் மாத்திரை இப்ப இங்கயும் கிடைக்குது. அத போட்டிருக்கும்போது தொத்தினா டெஸ்ட்ல கிருமி பிடிபடறது தள்ளிப் போகலாம், அமெரிக்காவுல கடைசி மாத்திரைக்கு அப்புறம் மூனு மாசம், ஊசியா போட்டிருந்தா ரெண்டு வருசம் ரத்தம் எடுக்க மாட்டாங்க. அதே மாதிரி சிகிச்சையில கிருமி அளவு தெரியாத அளவுக்கு குறைஞ்சவங்க கிட்ட இருந்து உறவு மூலமா பரவாதுங்கறது நிஜம், நாங்களே ஊரெல்லாம் சொல்றோம், ஆனா ரத்தத்துக்கு அது பொருந்தாது, அங்க போறது முழு யூனிட். இத அந்த ஃபாரத்துல ரெண்டு வரியில போடுங்க. பாலியல் ஆரோக்கியத்துல வேலை பாக்கற நாங்களும் எங்க பக்கத்துல இருந்து சொல்றோம்.

கடைசியா, ரத்தம் கொடுத்துட்டு வீட்டுக்கு போனப்புறம் மனசு உறுத்தினா கூப்பிட ஒரு நம்பர் வேணும். "என் யூனிட்ட யாருக்கும் ஏத்தாதீங்க"ன்னு காரணம் சொல்லாம சொல்ற வசதி காகிதத்துல எங்கயோ இருக்கு, டோனர் கைக்கு வர்றதில்ல. ரத்தப் பையில ஒட்டற அதே நம்பர ஒரு துண்டு சீட்டுல அடிச்சு, போன் நம்பரோட, ஜூஸ் பாக்கெட்டோட சேத்து கொடுங்க. அடுத்த வழிகாட்டுதல் வரைவு வரும்போது தமிழ்லயும் போட்டு கருத்து சொல்ல டைம் கொடுங்க, தலசீமியா குழந்தைங்களோட பெத்தவங்களையும் திருநங்கைகளையும் ஒரே கூட்டத்துக்கு கூப்பிடுங்க, நானும் வர்றேன்.

இப்படிக்கு,
பாலியல் ஆரோக்கியத்துலயும் ரத்தப் பாதுகாப்புலயும் வேலை பாக்கற ஒரு பொது சுகாதார ஆராய்ச்சியாளர்