புகார்: பிரிட்டன் செய்தி என்ற பெயரில் இங்கிலாந்துச் செய்தி

அனுப்புநர்: உங்கள் ஆண்டுச் சந்தாதாரர், கிளாஸ்கோ, ஸ்காட்லாந்து

பெறுநர்: செய்தி ஆசிரியர் மற்றும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, லண்டன் அலுவலகம்

தேதி: 8 டிசம்பர் 2025

பொருள்: செய்தியிலும் விளையாட்டிலும் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து விடுபடுவது, விளையாட்டுத் தொகுப்புக்குக் கட்டிய பணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தமிழ்ச் செய்திச் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறேன். விளையாட்டுத் தொகுப்புக்குத் தனியாகவும் கட்டுகிறேன். லண்டனில் இருப்பவரிடம் வாங்கும் அதே தொகையைத்தான் கிளாஸ்கோவில் இருக்கும் என்னிடமும் வாங்குகிறீர்கள். பணம் வாங்கும்போது இல்லாத பேதம் செய்தி சொல்லும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது என்பதே என் புகார். இரவுச் செய்தியில் ‘பிரிட்டன்’ என்ற தலைப்பின் கீழ் நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்துவது. அதைச் சொல்லாமலே நாடு முழுவதற்குமான செய்திபோல வாசித்துவிட்டுப் போகிறீர்கள். பழைய பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை, கடந்த மூன்று வாரங்களே போதும்.

நவம்பர் 14 காலை 7 மணி முதல் 19 காலை 7 மணி வரை ரெசிடென்ட் டாக்டர்கள் எனப்படும் பயிற்சி நிலை டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இங்கிலாந்தில். ஸ்காட்லாந்தில் அந்த ஐந்து நாளும் மருத்துவமனைகள் வழக்கம்போல் நடந்தன. இங்கே என்.எச்.எஸ். எனப்படும் அரசு மருத்துவச் சேவை தனி நிர்வாகம். டாக்டர்களின் சம்பளப் பேச்சுவார்த்தை எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து அரசோடு நடப்பது, லண்டனோடு அல்ல. உங்கள் செய்தியில் வந்ததோ, ‘நாடு முழுவதும் டாக்டர்கள் வேலைநிறுத்தம், அவசரம் இல்லாதவர்கள் மருத்துவமனைக்குப் போக வேண்டாம்’ என்று. என் மாமியாருக்கு 17ஆம் தேதி திங்கட்கிழமை கண்புரை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனை இருந்தது. நானும் மனைவியும் வேலைக்குப் போன பிறகு, வரவிருந்த டாக்சியை வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ‘டாக்டர் யாரும் வரமாட்டாங்கன்னு டிவியிலேயே சொல்லிட்டாங்களே’ என்றார். நேரம் கொடுத்தும் வரவில்லை என்று மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. இப்போது மறுபடி வரிசையில் காத்திருக்கிறோம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலம் சரளமாகத் தெரிந்தவன் இரண்டு இடத்தில் சரிபார்த்துக்கொள்வான். மாமியார் வயதில் இருப்பவர்களுக்கு இந்த நாட்டில் என்ன நடக்கிறது என்று சொல்வது நீங்கள் மட்டும்தான். அதனால்தான் உங்கள் பொறுப்பு பெரிய ஆங்கிலச் சேனல்களின் பொறுப்பைவிடக் கூடுதல் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் ரயில் கட்டணம். நவம்பர் 23 அன்று, 30 வருடங்களில் முதல் முறையாகக் கட்டணத்தை உயர்த்தாமல் நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள். அதுவும் இங்கிலாந்துக்குத்தான். ஸ்காட்ரெயில் கட்டணத்தை முடிவு செய்வது ஸ்காட்லாந்து அரசு. இங்கே உண்மையிலேயே பெரிய ரயில் செய்தி ஒன்று செப்டம்பர் 1 அன்றே நடந்தது: காலை, மாலை நெரிசல் நேரத்துக்கென்று இருந்த கூடுதல் கட்டணத்தையே எடுத்துவிட்டார்கள். கிளாஸ்கோவிலிருந்து எடின்பரோ போய்வர நெரிசல் நேரத்தில் 32.60 பவுண்டாக இருந்தது 16.80 ஆகிவிட்டது. கிட்டத்தட்டப் பாதி! உங்கள் செய்தியில் இதைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்க்கவில்லை.

பிறகு நவம்பர் 26, பட்ஜெட். உங்கள் சிறப்பு நிகழ்ச்சியை முழுவதும் பார்த்தேன். உங்கள் நிபுணர் வருமான வரியை 20, 40, 45 சதவீதம் என்று மூன்று படியாக விளக்கினார். ஸ்காட்லாந்தில் ஆறு படி: 19, 20, 21, 42, 45, 48. இங்கிலாந்தில் 50,270 பவுண்டு வரை 20 சதவீதம்தான். இங்கே 43,662 பவுண்டைத் தாண்டினாலே 42 சதவீதம். வருடம் 48,000 பவுண்டு வாங்கும் ஒரு கிளாஸ்கோ தமிழர் உங்கள் நிபுணரை நம்பிக் கணக்குப் போட்டால் என்ன ஆகும்? 20 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 2028 முதல் கூடுதல் வரி என்றார், அது இங்கிலாந்து வீடுகளுக்கு. மருந்துச் சீட்டுக் கட்டணம் 9.90 பவுண்டாகவே நீடிக்கும், நல்ல செய்தி என்றார். ஸ்காட்லாந்தில் 2011 முதல், வேல்ஸில் 2007 முதல், வட அயர்லாந்தில் 2010 முதல் அந்தக் கட்டணமே கிடையாது. இரண்டு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற விதி போகிறது என்பதையும் அதே மூச்சில் சொன்னார். அது மட்டும் நான்கு நாடுகளுக்கும் பொருந்துவது. எது எனக்கு, எது எனக்கில்லை என்று பார்ப்பவர் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வார்?

பள்ளிக்கூட விஷயத்தை நீட்டப் போவதில்லை. இங்கே தேர்வு முடிவு ஆகஸ்ட் 5 அன்றே வந்துவிட்டது, பிள்ளைகள் ஆகஸ்ட் நடுவில் பள்ளிக்கும் போய்விட்டார்கள். ‘பள்ளி திறக்கும் முன் வாங்க வேண்டியவை’ என்று ஆகஸ்ட் கடைசியில் ஒரு நிகழ்ச்சி போட்டீர்கள். என் மகள் அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுப்பாடம் செய்தாள்.

இந்த வியாதி உங்களிடம் தொடங்கியது அல்ல என்பது தெரியும். லண்டனில் இருக்கும் தேசிய ஊடகங்களுக்கே இது நாள்பட்ட நோய். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் 1999இலேயே தனித்தனி ஆட்சிமன்றங்கள் வந்து, கல்வியும் சுகாதாரமும் அங்கே போய்விட்டன. செய்தி அறைகள் அதைக் கவனிக்கப் பல வருடம் பிடித்தது. 2005இல் பிபிசி வானிலை வரைபடத்தை மாற்றியபோது, தெற்கிலிருந்து சாய்த்துப் பார்ப்பதுபோல் வரைந்ததில் ஸ்காட்லாந்து சுருங்கிப்போனது. புகார்கள் குவிந்த பிறகு சாய்வைச் சரிசெய்தார்கள். 2008இல் பேராசிரியர் ஆண்டனி கிங், பிபிசியை அப்போது மேற்பார்வையிட்ட பிபிசி டிரஸ்டுக்காக ஆய்வு செய்து, நான்கு நாடுகளின் நிர்வாக வேறுபாட்டைத் தேசியச் செய்திகள் தெளிவாகச் சொல்வதில்லை என்று அறிக்கை கொடுத்தார். கொரோனா ஊரடங்கின்போது, 2020 மே 10 அன்று அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, ‘வீட்டிலேயே இருங்கள்’ என்பதை ‘விழிப்பாக இருங்கள்’ என்று மாற்றினாரே, அது இங்கிலாந்துக்கு மட்டும். மற்ற மூன்று நாடுகளிலும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அது புரியாமல் அந்த வாரம் இங்கே எத்தனை குழப்பம்!

இவ்வளவு அடிபட்ட பிறகு பெரிய சேனல்கள் ஓரளவு திருந்தியிருக்கின்றன. டாக்டர்கள் வேலைநிறுத்தம் என்றால் ‘இங்கிலாந்தில்’ என்று பெரும்பாலும் சேர்த்துச் சொல்கிறார்கள். அங்கிருந்து செய்தியை எடுக்கும் நீங்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தைத் தமிழில் தருகிறீர்கள். சிரமப்பட்டு ஏதாவது சேர்க்கச் சொல்லவில்லை, ஐயா. இருப்பதை எடுக்காமல் இருந்தாலே போதும்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். நியாயமாக இந்தக் கடிதத்தை இதிலிருந்துதான் ஆரம்பித்திருக்க வேண்டும். மாமியாரின் கண் முக்கியம் என்பதால் பின்னால் வைத்தேன்.

நவம்பர் 18 செவ்வாய்க்கிழமை இரவு. ஹாம்ப்டன் பார்க் மைதானம். டென்மார்க்கை வென்றால் உலகக் கோப்பை, இல்லையென்றால் பிளேஆஃப் என்ற இன்னொரு தகுதிச் சுற்று. ஸ்காட்லாந்து ஆண்கள் அணி கடைசியாக உலகக் கோப்பையில் ஆடியது 1998இல். மூன்றாவது நிமிடத்தில் ஸ்காட் மெக்டோமினே பின்புறமாகப் பாய்ந்து, அந்தரத்தில் தலைகீழாகக் கிடந்தபடி ஒரு கோல் அடித்தார். டென்மார்க் சமன் செய்தது, ஒரு வீரரைச் சிவப்பு அட்டைக்கு இழந்தது, பத்துப் பேரோடு ஆடி மறுபடியும் சமன் செய்தது. 2-2. தொண்ணூறு நிமிடம் முடிந்துவிட்டது. கூடுதல் நேரத்தில் கீரன் டியர்னி தூரத்திலிருந்து ஒன்று. கடைசி உதை என்று எல்லோரும் நினைத்தபோது கென்னி மெக்லீன் தன் பாதி மைதானத்திலிருந்தே கோல்கீப்பரின் தலைக்கு மேல் தூக்கிப்போட்டு இன்னொன்று. 4-2. எங்கள் தெருவில் கதவைத் திறந்துகொண்டு ஓடிவராத ஆளில்லை. ஆட்டம் முடிந்ததும் அணித் தலைவர் ஆண்டி ராபர்ட்சன், ஜூலையில் விபத்தில் இறந்துபோன தன் லிவர்பூல் நண்பர் டியோகோ ஜோட்டாவை நினைத்துப் பேசினார். இருவரும் உலகக் கோப்பைக்குப் போவதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறார்களாம். இப்படி ஒரு இரவு கையில் கிடைத்தால் எந்த விளையாட்டு நிருபரும் அதை விடுவாரா?

மறுநாள் காலை உங்கள் விளையாட்டுச் செய்தியின் முதல் செய்தி, இங்கிலாந்து வீரர் ஜூட் பெல்லிங்ஹாம் எரிச்சலில் கையை விரித்தது. அல்பேனியாவுக்கு எதிராக அவரை வெளியே எடுத்தபோது முகம் சுளித்தாரே, பயிற்சியாளர் துக்கல் அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்ற ஆராய்ச்சி. அந்த ஆட்டம் நடந்து மூன்று நாள் ஆகிவிட்டது. இங்கிலாந்து அக்டோபரிலேயே தகுதி பெற்றும்விட்டது. அதன் பிறகு பிரீமியர் லீக் காயப்பட்டியல். அதன் பிறகுதான் ஸ்காட்லாந்து, முடிவு மட்டும், கோல் காட்சிகூட இல்லாமல். அதே இரவில் வேல்ஸ் வட மாசிடோனியாவை 7-1 என்று நொறுக்கியது. அது உங்கள் பட்டியலிலேயே இல்லை.

போன வெள்ளிக்கிழமை உலகக் கோப்பைக் குலுக்கல். ‘நம்ம டீம் எல் பிரிவில், குரோஷியா, கானா, பனாமாவோடு’ என்று உங்கள் அறிவிப்பாளர் உற்சாகமாகச் சொன்னார். யாருடைய டீம்? ஸ்காட்லாந்து சி பிரிவில் பிரேசில், மொராக்கோ, ஹெய்ட்டியோடு இருக்கிறது. 1998லும் அதே பிரேசில், அதே மொராக்கோவோடு ஒரே பிரிவில்தான் ஆடியது. அந்தப் போட்டியின் தொடக்க ஆட்டமே பிரேசிலுக்கும் ஸ்காட்லாந்துக்கும்தான். இதைக்கூட எடுத்துச் சொல்ல உங்களிடம் ஆளில்லை. இங்கிலாந்து அணியை நீங்கள் நேசிப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிரிட்டனில் நான்கு கால்பந்து அணிகள் இருக்கும்போது ஒன்றை நம்முடையது என்றும் மற்ற மூன்றையும் வெளிநாட்டு அணிகள்போலவும் சொல்வதற்கு என்னிடம் பணம் வாங்காதீர்கள். டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரே ஜெயித்தால் பிரிட்டிஷ்காரர், தோற்றால் ஸ்காட்லாந்துக்காரர் என்று இங்கே ஒரு பழைய கேலி உண்டு. தமிழில் அதைத் தொடர வேண்டுமா?

கிரிக்கெட் நம்மவர்களின் சொந்த விளையாட்டு ஆயிற்றே, அதிலாவது கவனமாக இருப்பீர்கள் என்று பார்த்தேன். ‘இங்கிலாந்தைக் கவிழ்த்த சின்ன அணிகள்’ என்று ஒரு தொகுப்புப் போட்டீர்கள். 2009இல் லார்ட்ஸில் நெதர்லாந்து, 2011இல் பெங்களூரில் அயர்லாந்து, 2023இல் டெல்லியில் ஆப்கானிஸ்தான். எல்லாம் சரி. 2018 ஜூன் 10 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து 371 ரன் குவித்து, ஒரு நாள் ஆட்டத்தில் இங்கிலாந்தை 6 ரன்னில் வென்றது எங்கே? கேலம் மெக்லியாட் 140 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றாரே! பெங்களூர்வரை போக முடிந்த உங்களுக்கு எடின்பரோ தூரமாகிவிட்டது.

இதையெல்லாம் சுருக்கமாக உங்கள் சேவைப் பிரிவுக்கு ஏற்கெனவே எழுதினேன். எங்கள் பார்வையாளர்களில் பெரும்பாலோர் லண்டனிலும் அதைச் சுற்றியும் இருப்பவர்கள், பிரிட்டன் மக்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் இங்கிலாந்தில்தான் வாழ்கிறார்கள் என்று பதில் வந்தது. கணக்கு சரிதான். நேரத்தை நான்காகப் பங்குபோட்டுக் கொடுங்கள் என்று நான் கேட்கவே இல்லையே. இங்கிலாந்துச் செய்தியை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், இங்கிலாந்துச் செய்தி என்று சொல்லிச் சொல்லுங்கள். லண்டன் பார்வையாளருக்கு அதனால் என்ன நஷ்டம்? அவருக்கும் கார்டிஃபில் ஒரு தங்கை இருப்பாள், அபர்டீனில் படிக்கும் மகன் இருப்பான்.

எனவே நான் கேட்பவை இவை. சுகாதாரம், கல்வி, வரி, ரயில் பற்றிய ஒவ்வொரு செய்தியிலும் அது எந்த நாட்டுக்குப் பொருந்தும் என்று வாயாலும் சொல்ல வேண்டும், திரையிலும் எழுத வேண்டும். பட்ஜெட் நிகழ்ச்சியில் தவறாகச் சொன்ன வரிப் படிகளுக்குத் திருத்தம் ஒளிபரப்ப வேண்டும். முன்பே சேமித்து வைத்த அந்தக் காணொளியை இன்னும் பலர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர்கள் வேலைநிறுத்தம் டிசம்பரில் மீண்டும் வரப்போவதாகச் சொல்கிறார்கள். வந்தால் முதல் வரியிலேயே ‘இங்கிலாந்தில்’ என்று இருக்க வேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து செய்தி தர ஒருவரை நியமியுங்கள். சம்பளம் கொடுத்து முழுநேர ஆள் வைக்க முடியாவிட்டால், இங்கே தமிழ்ப் பள்ளி நடத்துபவர்களிடம் கேளுங்கள், ஆர்வமுள்ள இளைஞர்கள் கிடைப்பார்கள்.

விளையாட்டுத் தொகுப்பை ‘பிரிட்டன் தேசிய அணிகளின் முழுச் செய்தி’ என்று விளம்பரம் செய்துதான் விற்றீர்கள். சொன்னது கிடைக்கவில்லை என்பதால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை அதற்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்கிறேன். மற்ற சந்தாவைத் தொடர்வேன், மாமியாருக்கு உங்கள் செய்தி வாசிப்பாளரைப் பிடிக்கும்.

ஸ்காட்லாந்து–ஹெய்ட்டி ஆட்டம் பாஸ்டனில் நடக்கிறது, நம் நேரப்படி ஜூன் 14 அதிகாலை 2 மணி. அந்த நேரத்தில் உங்கள் ஸ்டூடியோவில் ஆள் இருப்பாரா, இருந்தால் யார், மறுநாள் காலைச் செய்தியில் எத்தனையாவது இடத்தில் வரும் என்பதை ஆண்டுச் சந்தா புதுப்பிக்கப்படும் பிப்ரவரி 1க்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
கிளாஸ்கோ சந்தாதாரர்
(வாடிக்கையாளர் எண் மின்னஞ்சலில் தனியாக இணைக்கப்பட்டுள்ளது)