ஸாட்டோபெக்கின் நாற்பது சுற்றும் உன்னுடைய முப்பதும்

மாங்குளம்
ஆடி 5

அன்பின் மகளுக்கு,

நீ அனுப்பின பயிற்சிக் கொப்பியின் படம் வந்தது. 400 மீற்றர் முப்பது தரம், ஒவ்வொன்றும் 88 வினாடி, இடையில் ஒரு நிமிடம் நின்று மூச்செடுத்தல். மேலே "ஸாட்டோபெக்" என்று அந்தச் செக்கோஸ்லோவாக்கிய ஓட்டக்காரரின் பெயரை எழுதி இரண்டு கோடு கீறியிருக்கிறாய். கீழே சின்ன எழுத்தில், "முன்னங்கால் எலும்பு நோகுது". அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் காலைப் பார். முன்னெலும்பின் உள்விளிம்பை முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை பெருவிரலால் மெல்ல அமத்திக்கொண்டு வா. அரைச் சாண் நீளத்துக்குப் பரவலாய் நொந்து, உடம்பு சூடானதும் குறைந்தால், எலும்போடு ஒட்டின சவ்வும் தசையும் அழன்றிருக்கிறது. இரண்டு கிழமை வேக ஓட்டத்தை விட்டுப் புல்லில் மெதுவாய் ஓடு, பெரும்பாலும் அடங்கும். ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று நொந்தால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், ஒற்றைக்காலில் துள்ள முடியாவிட்டால், எலும்பில் மயிர்க்கீறல் விழுந்திருக்கலாம். அப்படியென்றால் ஒரு அடியும் ஓடாமல் வைத்தியரிடம் போ. முதல் இரண்டு மூன்று கிழமைக்கு அந்தக் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். படம் நல்லாயிருக்கிறது என்று சொன்னாலும் நோவு நிற்கும்வரை ஓடக்கூடாது.

இனி உன்னுடைய ஸாட்டோபெக்குக்கு வருவோம். 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் எட்டே நாளுக்குள் 10,000 மீற்றர், 5,000 மீற்றர், மரதன் மூன்றிலும் தங்கம் எடுத்த மனிதர் வேறு எவரும் இல்லை. மரதன் அவர் வாழ்நாளில் ஓடின முதலாவது மரதன். அவரைப் படித்து உனக்கு உடம்பு புல்லரித்தது எனக்கு விளங்குகிறது. ஆனால் நீ படித்தது அவருடைய கடைசிப் பக்கம். முதல் பக்கத்திலிருந்து பார். ஸ்லின் நகரத்துப் பாட்டா சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த பொடியன் 1941 இல் ஓடத் தொடங்கினார். 1946 இல் ஒஸ்லோவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 5,000 மீற்றரில் ஐந்தாம் இடம்தான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10,000 தங்கம் கிடைத்தது. 5,000 இல் இடைவெளி பெருக விட்டுவிட்டு, கடைசிச் சுற்றில் துரத்தியும் பெல்ஜியத்தின் கஸ்தோன் ரெய்ஃபிடம் 0.2 வினாடியால் தோற்றார். அந்த நாட்களில் அவருடைய பயிற்சி 200 மீற்றர் ஐந்து, 400 மீற்றர் இருபது, பிறகும் 200 மீற்றர் ஐந்து. 400 மீற்றர் நாற்பது தரம் என்ற எண்ணிக்கை அதற்குப் பிறகு வந்தது. ஹெல்சிங்கி வரை பதினொரு வருடம், மகள். நீ பதினொரு கிழமையில் முப்பதுக்குப் போய்விட்டாய்.

இன்னொன்றையும் நீ தவற விட்டிருக்கிறாய். அவர் இடையில் நிற்கவில்லை, 200 மீற்றர் மெதுவாய் ஓடினார். நாற்பதையும் முழுமூச்சில் ஓடவுமில்லை. அந்த மெது ஓட்டம்தான் பயிற்சியின் பாதி என்பேன். நின்றால் இரத்தம் காலில் தேங்கும், தசை இறுகும். அடுத்த 400 இன் முதல் அடியே எலும்பில் மோதும். அவர் பனியிலும் காட்டிலும் இராணுவப் பூட்ஸோடு ஓடினதைப் பார்த்து நீ பாரச் சப்பாத்துக் கட்டவும் வேண்டாம். உன்னுடையதன் அடி ஒருபக்கம் தேய்ந்திருந்தாலோ, 700 கிலோமீற்றர் தாண்டியிருந்தாலோ மாற்று. காசு அனுப்புகிறேன்.

உன் 10,000 நேரம் 43 நிமிடம். அது சுற்றுக்கு 103 வினாடி. 88 வினாடி என்பது 36 நிமிட நாற்பது வினாடி ஓடுகிறவளின் வேகம். உன் நெஞ்சு அதைச் சில நாள் தாங்கும், எலும்பு தாங்காது. மூச்சு சில கிழமையில் பழகும், எலும்புக்கு மாதக்கணக்கு வேண்டும். இந்த வித்தியாசத்தில்தான் கனபேர் முறிகிறார்கள். அடுத்து நீ 42 நிமிடத்தில் ஓடச் சுற்றுக்கு 100.8 வினாடி காணும். ஆகவே கால் ஆறினதும் 400 பத்துத் தரம், 98 முதல் 100 வினாடிக்குள், இடையில் 200 மீற்றர் மெது ஓட்டம், கிழமைக்கு ஒரே ஒரு நாள். இரண்டு கிழமைக்கு இரண்டு கூட்டு, பதினாறில் நில். கிழமைத் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதே, நாலாம் கிழமை காற்பங்கு குறை. சூடாக்கும் சுற்றுகளை மணிக்கூடு சுற்றும் பக்கமாய் ஓடு. எப்பவும் இடப்பக்கமே வளைந்தால் ஒரே கால்தான் அடி வாங்கும். போட்டியில் முதல் மூன்று சுற்றும் 102 க்குக் குறையக்கூடாது.

சாப்பாடு. இரத்தத்தில் இரும்பு எவ்வளவு என்று ஒருக்கால் சோதித்துப் பார், ஹீமோகுளோபினோடு, உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் பெரிட்டினையும் கேள். முருங்கையிலை வறை, பருப்பு, கீரி மீன் சாப்பிடு, தேசிக்காய் பிழிந்து. சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்காதே, இரும்பு உடம்பில் சேராமல் தேயிலை தடுக்கும். ஒரு மணித்தியாலம் விடு. மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று கொப்பியில் குறி. மூன்று மாதம் வராவிட்டால் அது நல்ல பயிற்சியின் அடையாளமல்ல. ஓட்டத்துக்குச் சாப்பாடு காணவில்லை, எலும்பு உள்ளுக்குள் மெலிகிறது என்று அர்த்தம். வெட்கப்படாமல் எனக்குச் சொல்.

ஆவணி விடுமுறைக்கு இங்கே வரும்போது கச்சான் காற்று இருக்கும். ஐந்தேகாலுக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏறமுன் பத்துக் கிலோமீற்றர் முடிக்கலாம். போகும்போது காற்றுக்கு எதிராய்ப் போ. திரும்பும்போது காற்று முதுகில் நிற்கும், வேர்வை காயாது, உடம்பு கொதிக்கும். வேகத்தைக் கூட்டத் தோன்றும், கூட்டாதே. கண்டி வீதித் தார் வேண்டாம். குளக்கட்டுக் கிறவல்தான் காலுக்கு நல்லது, ஆனால் லொறி போட்ட வரிவரியான மேட்டில் கணுக்கால் பிரளும்; நடுவில் ஓடு. ஒட்டுசுட்டான் பக்கம் தனிய விடியப்புறம் போகாதே, யானை நிற்கும். வந்ததும் குடிக்க ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் சீனி ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, எல்லாம் மட்டமாய் வழித்து. உப்பு கூடினால் வயிற்றைப் பிரட்டும்.

முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023 இல் பிலிப்பைன்ஸில் மூத்தோர் போட்டியில் 1500 மீற்றர் தங்கம் எடுத்தபோது அவவுக்கு 72 வயது. உனக்கு இருபத்தொன்று.

இன்றைக்கே எலும்பை அமத்திப் பார்த்து, நோகும் இடத்தைப் பேனையால் வட்டம் போட்டுப் படம் அனுப்பு.

அன்புடன்,
அம்மா