காபி மேக்கர் கசிகிறதா?

ஐயா,

அடியில் தண்ணீர் கசிகிறதென்று காபி மேக்கரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. பிளக்கைக் கழற்றி, தொட்டியை நிரப்பி, உங்கள் நாளிதழின் மேலேயே 10 நிமிடம் வையுங்கள். தாள் நனைந்தால் தொட்டியடி வாஷர் போயிருக்கும். சுவிட்ச் போட்டால் மட்டும் கசிந்தால், பெரும்பாலும் உள்ளே போகும் சிலிகான் குழாய்தான். ஆறியதும் அடித்தட்டைக் கழற்றினால், கிளிப் பிடித்த இடத்தில் வெடிப்பும் வெள்ளை உப்புத் தடமும் தெரியும். அந்த அரை அங்குலத்தை நறுக்கிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். எம்-சீல் மட்டும் அப்பாதீர்கள். குடிக்கிற வெந்நீர் போகும் வழி அது.

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் உப்பு குழாயை அடைக்க, ஆவி முட்டி இணைப்பைத் தள்ளிவிடுகிறது. மாதம் ஒருமுறை வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஓடவிட்டு, 2 தடவை வெறும் தண்ணீரில் அலச வேண்டும். பித்தளை ஃபில்டருக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது!

– வாசகர், காரைக்குடி