60 வயதைத் தாண்டியவர்களையும் ஓட விடுங்கள்: வீதியோட்ட ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். போன மாதம் 10 கிலோமீற்றர் வீதியோட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, என் நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டீர்கள். விண்ணப்பத்தில் வயதெல்லை போட்டிருக்கவில்லை. பணம் கட்டியிருந்தேன், டொக்டரின் கடிதமும் கொடுத்திருந்தேன். "பாட்டி, உங்களுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பிள்ளை நாலு ஊசியையும் ஒவ்வொன்றாகக் கழற்றியது. அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னதைச் செய்தது.

அதற்குப் பிறகு செய்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை. என்னைக் கூடாரத்தில் உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தீர்கள். மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, "இந்த வயதிலும் எவ்வளவு ஆர்வம்" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக் கைதட்ட வைத்தீர்கள். ஓட வந்தவளுக்குப் பொன்னாடை எதற்கு, ஐயா? சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டியபடியே உட்கார்ந்து, ஓடிப் போனவர்கள் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக வந்த தம்பி ஒரு மணி 40 நிமிடத்தில் வந்தார். பாவம், காலில் தசை பிடித்துவிட்டது. இருந்தும் விடாமல் முடித்தார், நானும் கைதட்டினேன். அதே தூரத்தை நான் ஒரு மணி 20 நிமிடத்தில் ஓடுவேன்.

38 வருடம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தேன். 60 வயதில் தோட்டப் பதிவில் பேர் வெட்டி ஓய்வு கொடுத்த பிறகு பிரஷருக்கு கிளினிக் போனபோது, தினமும் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். அப்புறம் ஒரு நாள் லைட் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடிப் பார்த்தேன். ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. நிற்காமல் ஒரு கிலோமீற்றர் ஓட மூன்று மாதம் பிடித்தது. நம்ம ஊரில் ஏற்றம் மூச்சை வாங்கும், முழங்காலைக் கெடுப்பது இறக்கம்தான். இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும் என்பதைப் பட்டுத்தான் படித்தேன். கொழும்பில் கடையில் வேலை செய்யும் பேரன் நல்ல சப்பாத்து வாங்கித் தந்த பிறகு, தலவாக்கலையிலிருந்து டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கமாகப் பனி விலகுமுன் ஓடித் திரும்புகிறேன். இது எட்டாவது வருடம்.

என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த ஓட்டத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு பிரிவு வையுங்கள். உலக அளவில் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகளில் 35 வயதிலிருந்தே ஐந்தைந்து வயதாகப் பிரிவு வைக்கிறார்கள். நான் கேட்பது ஒரே ஒரு பிரிவு.

உங்களில் ஒருவர், "அடுத்த முறை பிறப்புச் சான்றிதழோடு வாங்க, பார்ப்போம்" என்றார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்த எங்கள் வயதுப் பெண்களில் எத்தனை பேருக்குப் பிறப்பைப் பதிந்தார்கள் என்று அவருக்குத் தெரியாதா? உத்தேச வயதுச் சான்றிதழுக்கு அலைந்து கால் தேய்ந்தவர்கள் நாங்கள். என் அடையாள அட்டை இலக்கம் 57 என்று, நான் பிறந்த 1957ஆம் வருடத்தில் தொடங்குகிறது. ஓய்வூதியமில்லாத எங்களுக்கு ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் கொடுக்க அந்த அட்டை போதும், வாக்குப் போட அது போதும், 10 கிலோமீற்றர் ஓட மட்டும் போதாதா? பஞ்சாபில் 1911இல் பிறந்தவர் என்று சொல்லப்பட்ட பௌஜா சிங், 89 வயதில் மரதன் ஓடத் தொடங்கினார். 2011இல் டொரன்டோவில் 42 கிலோமீற்றரையும் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் உலக சாதனையாக அதைப் பதியவில்லை. ஆனால் தொடக்கக் கோட்டில் வைத்து அவர் இலக்கத்தை யாரும் கழற்றவில்லை.

எங்களைப் பற்றிய பேச்சு எப்போதும் சுமந்த கூடையோடு நின்றுவிடுகிறது. எங்கள் சனம் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த 200 வருட நினைவுக்கு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது, எங்கள் மூதாதையர் நடந்த தூரத்தை எல்லோரும் பெருமையாகப் பேசினார்கள். அவர்களுடைய பேத்தி உயிரோடு நின்று ஓடக் கேட்டால் கூடாரத்தில் உட்காரச் சொல்கிறீர்கள். கோபத்தில் கொஞ்சம் அதிகம் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் நீங்கள் சிரமப்பட்டு இந்த ஓட்டத்தை நடத்துவதை மதிக்கிறேன்.

பொறுப்பு பற்றிப் பயமிருந்தால் டொக்டரின் கடிதத்தைக் கட்டாயமாக்குங்கள். வழியில் தண்ணீரும் முதலுதவிக்கு ஓர் ஆளும் வையுங்கள். அது இளம் பிள்ளைகளுக்கும் நல்லதுதான். 60க்கு மேல் ஒரு பிரிவு, வயதுக்கு அடையாள அட்டை. அடுத்த விண்ணப்பம் அச்சாகுமுன் இதைச் சேர்த்துவிடும்படி பணிவோடு கேட்கிறேன். எங்கள் தோட்ட டிவிசனில் இன்னும் மூன்று பெண்கள் என்னோடு காலையில் ஓட வருகிறார்கள். நாலு விண்ணப்பமாக அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருத்தி,
தலவாக்கலை