செக்கப்பில் வயிற்றைப் பற்றியும் கேளுங்கள்

தமிழ்நாட்டின் கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவர்களுக்கு,

வணக்கம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்டு பிழைத்து வந்த பெண்களுக்காக இதை எழுதுகிறேன். உயிரைக் காப்பாற்றித் தந்தவர்கள் நீங்கள். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு நடப்பதில்தான் குறை.

ஏறக்குறைய 25 தடவை வெளியிலிருந்து கதிர், அப்புறம் உள்கதிர். மலக்குடல் பக்கத்திலேயே இருப்பதால் அதற்கும் ஒரு பங்கு போய்ச் சேர்ந்துவிடுகிறது. சிகிச்சையின்போது வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். பல மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கழித்து வருவதுதான் படுத்துகிறது. குடல் சுவரின் சிறு ரத்தக்குழாய்கள் அடைபட்டு, சதை இறுகி, புதிதாக முளைக்கும் நொய்ந்த குழாய்கள் மலம் உரசினாலே கசிகின்றன. கூடவே அடக்க முடியாத அவசரம்.

இதைப் பெற்ற மகளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். பஸ் ஏறுவதை நிறுத்திவிடுவார்கள். கல்யாண வீட்டில் பட்டினியாக உட்கார்ந்திருப்பார்கள். உங்களிடம் "நல்லாருக்கேன் டாக்டர்" என்பார்கள். கட்டி திரும்பவில்லை என்று உறுதியானதும் நீங்களும் அடுத்த தேதி எழுதிக் கொடுத்துவிடுவீர்கள். என் அத்தைக்கு ரத்தம் போனபோது ஊர் டாக்டர் ஒருவர் அதை மூலநோய் என்று நினைத்துக் களிம்பு கொடுத்தார். கரண்ட் வைத்ததை அத்தை சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆகவே நீங்களே கேளுங்கள், அதுவும் பச்சையாக. ராத்திரி எழுந்து ஓட வேண்டியிருக்கிறதா? போவதற்குள் துணியில் ஆகிவிடுகிறதா? ரத்தம் போகிறதா? இப்படிக் கேட்டால் ஒழிய வாய் திறக்காது.

கேட்டுவிட்டு என்ன செய்வது என்ற கவலை வேண்டாம், வழி இருக்கிறது. ரத்தம் போனால் கேமரா விட்டுப் பார்த்து வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். லேசான கசிவு பலருக்குத் தானே குறையும். இல்லையென்றால், அல்சருக்குத் தரும் சாதாரண சுக்ரால்ஃபேட் மருந்தையே எனிமாவாகக் கொடுக்கலாம். அதற்கும் அடங்காதவர்களுக்கு ஃபார்மலின் மருந்து வைப்பது, ஆர்கான் வாயுவால் கருக்குவது என்று முறைகள் இருக்கின்றன. ஓயாத பேதிக்குப் பித்த அமிலம் காரணமாக இருந்தால் கொலஸ்டிரமின், சிறுகுடலில் கிருமி பெருகியிருந்தால் ஆன்டிபயாடிக். காரணம் தேடாமல் பேதியை நிறுத்தும் மாத்திரையை மட்டும் எழுதித் தருவதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆள் இல்லை, நேரம் இல்லை என்பீர்கள். வார்டுக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க முடியாது. ஆனால் 2013இல் 'லான்செட்' இதழில் வந்த ஆர்பிட் என்ற பிரிட்டிஷ் ஆய்வைப் பாருங்கள். இடுப்புப் பகுதியில் கதிர்வீச்சு பெற்று வயிற்றுத் தொல்லையோடு இருந்த 218 பேரில் ஒரு பிரிவினருக்குக் கையேடு மட்டும், இன்னொரு பிரிவினருக்குக் குடல் நிபுணர், மூன்றாவது பிரிவினருக்கு வகுத்துத் தந்த வழிமுறைப்படி ஒரு நர்ஸ். நர்ஸிடம் போனவர்கள் நிபுணரிடம் போனவர்களுக்குக் குறையாமல் தேறினார்கள். கையேடு மட்டும் வாங்கியவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. அதனால், தயவுசெய்து இந்த மடலுக்குப் பதிலாக ஒரு நோட்டீஸ் அடித்து வேலையை முடித்துவிடாதீர்கள். ஒரு நர்ஸுக்குப் பயிற்சி கொடுங்கள்.

வருமுன் காப்பது பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மும்பை டாடா நினைவு மையத்தின் பார்சர் ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சு பெற்ற 300 பெண்களில், படம் பார்த்துக் குறிவைக்கும் ஐஎம்ஆர்டி முறை பிற்காலக் குடல் பாதிப்பை மூன்று வருடக் கணக்கில் 42 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைத்தது. அந்த மெஷின் உள்ள இடங்களில் அது எங்கள் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும்.

கடைசியாக, டிஸ்சார்ஜ் சீட்டில் கதிர்வீச்சு முடிந்த தேதி, டோஸ், உங்கள் துறையின் தொலைபேசி எண்ணோடு தமிழில் ஒரு வரி சேருங்கள்: "மலத்தில் ரத்தம் போனால், மூலத்துக்கு ஆபரேஷன் செய்யும் முன்பும் மலக்குடலில் பரிசோதனைக்குச் சதை எடுக்கும் (பயாப்சி) முன்பும் எங்களிடம் பேசவும்." கதிர்பட்ட இடத்தில் எடுத்த புண் ஆறாமல் ஓட்டையாகிவிடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். ஊர் டாக்டருக்கு அந்தச் சீட்டுதான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் அண்ணன் மகள்