வீல் நட்டு விஷயமாக, நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

"நட்டைக்கூட ஒழுங்காக முடுக்கத் தெரியாத கடை" என்று நம்மைப் பற்றி ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பிக் கேட்டுவிட்டீர்கள். நம்மிடம் டயர் மாற்றிக்கொண்டு போன காரில் முன்சக்கரம் தடதடவென்று ஆட, ஓட்டியவர் ஓரங்கட்டிப் பார்த்தால் இரண்டு நட்டு விரலாலேயே சுற்றியிருக்கிறது. அது உண்மைதான். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, அந்தச் சக்கரத்தின் ஸ்டட் (நட்டு ஏறுகிற மரைக் கம்பி), நட்டு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம்.

ஆனால் அந்தத் "தெரியாத" என்ற வார்த்தைதான் சுடுகிறது. நட்டு முடுக்குவது தெம்பு காட்டுகிற வேலை இல்லை என்று பையன்களிடம் தொண்டை வற்றச் சொல்பவன் நான். சக்கரம் போய் உட்காருகிற ஹப் முகத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட ஓட அந்தத் துரு நொறுங்கி, இறுகியிருந்த நட்டும் தளர்ந்துவிடும். மரையில் எண்ணெய் பட்டால் அதே முடுக்குக்கு ஸ்டட் அளவுக்கு மேல் இழுபடும். முதலில் கையால் சில சுற்று, அப்புறம் நட்சத்திரம் போடுகிற மாதிரி ஒன்று விட்டு ஒன்று, டயர் தரையில் ஊன்றிய பிறகு, குறித்த அளவுக்கு முடுக்க உதவும் டார்க் ரென்ச். பல கார்களுக்கு இந்த முடுக்கு அளவு 100 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரும், சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் ஏர் கன்னை விடாமல் அழுத்தினால் வேலை என்னவோ சீக்கிரம் முடியும், ஆனால் ஸ்டட் நீளும், பிரேக் டிஸ்க் கோணும், நடுவழியில் பஞ்சர் ஆனால் உங்கள் ஸ்பேனருக்கு நட்டு அசையவே அசையாது.

அன்றைக்குக் கூட்டம் அதிகம், டார்க் ரென்ச்சும் அளவு சரிபார்க்க வெளியே போயிருந்தது. சரி, இப்போது இரண்டு வைத்திருக்கிறோம். ஒருவர் முடுக்கினால் வேறொருவர் சரிபார்த்து, ஒவ்வொரு நட்டிலும் மஞ்சள் கோடு போடுவார். கோடு இல்லாமல் சாவியை வாங்காதீர்கள். இதனால் வண்டி கைக்கு வரக் கொஞ்சம் தாமதமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தியைப் படித்த பிறகும் மறுநாள் காலையே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒன்றும் கேட்காமல் சாவியை என் கையில் கொடுத்தவர்களை மறக்க மாட்டேன். மனமார்ந்த நன்றி.

சக்கரம் கழற்றி மாட்டிய வண்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை வாருங்கள், அலாய் வீல் என்றால் கட்டாயம். காசு வேண்டாம், வரிசையிலும் நிற்க வேண்டாம். வாசலில் நிறுத்தி ஹாரன் அடியுங்கள், ரென்ச்சோடு நானே வருகிறேன்.