செக்கில் கையெழுத்துப் போடாதே

அன்புள்ள சுந்தரம்,

பதில் தாமதம்தான், திட்டிக்கொள். பேத்தி காதுகுத்து, கண் ஆபரேஷன் என்று நாள் ஓடிவிட்டது. கண் இப்போது தேவலை. உன் சுகர் குறைந்ததா, இல்லை இன்னும் பக்கெட் பாலு வீட்டுப் பாயசத்தில்தான் நீந்துகிறாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாக்கடைக் கசடிலிருந்து எண்ணெய் எடுக்கும் கம்பெனியில் பிஎஃப் பணத்தைப் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். சர்வீஸ் முழுக்கக் கசடோடு குடித்தனம் நடத்தியவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையாடா உனக்கு?

அந்தக் கம்பெனி ஆள் சொல்வது புளுகு இல்லை. காய்ந்த கசடைக் காற்றுப் படாமல் மூடிய கலனில் 450, 500 டிகிரிக்குச் சூடேற்றினால் எரியாது, சிதையும். கிளம்பும் ஆவியைக் குளிர வைத்தால் ஒரு பகுதி எண்ணெய். குளிராதது எரிவாயு. மிஞ்சுவது கரி. பைராலிசிஸ் என்று படம் போட்டுக் காட்டினாராமே, எல்லாம் சரிதான். ‘காய்ந்த’ என்கிற இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டியிருப்பார்.

கசடைச் சுழற்றித் தண்ணீரைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜிலிருந்து விழும் கட்டியை, கேக் என்போம், நீ பார்த்ததில்லை. கறுப்பாக, கெட்டியாக இருக்கும். அள்ளிப் பிழிந்தாலும் ஒரு சொட்டு விழாது. ஆனால் அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஒரு கிலோ காய்ந்த சரக்கு வேண்டுமென்றால் நாலு கிலோ தண்ணீரை ஆவியாக்கியாக வேண்டும். கிலோ தண்ணீருக்கு 2.6 மெகாஜூல் சூடு என்று வைத்தாலே பத்தைத் தாண்டுகிறது, வீணாகும் சூட்டைச் சேர்க்காமல். அந்த ஒரு கிலோவை முழுசாக எரித்தாலும் வருவது 10 முதல் 15 மெகாஜூல்தான். அதுவும் டைஜஸ்டரில், அதாவது காற்றில்லாமல் புளிக்கவைத்து எரிவாயு எடுக்கும் தொட்டியில், போட்டு எடுத்த கசடு என்றால் இன்னும் கீழே. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் அந்த வாயுவை எஞ்சினில் விட்டுக் கரண்ட் எடுக்கிறார்கள். சாறு அங்கேயே போய்விடுகிறது. இவர் சக்கைக்கு விலை பேசுகிறார். கண்ணாடி வாத்தியார் போர்டில் எழுதுவாரே, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று? அதைப் போட்டுப் பார்த்தாயா?

எண்ணெயும் நீ நினைக்கிற டீசல் இல்லை. கெட்டியாக, நைட்ரஜன் மண்டி, நாற்றம் குடலைப் பிடுங்கும். சுத்திகரிக்காமல் எந்த வண்டியிலும் ஊற்ற முடியாது. ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கம் சுபியாகோ சுத்திகரிப்பு நிலையத்தில் 2000-ஐ ஒட்டி இதையே பெரிய அளவில் கட்டினார்கள். எண்ணெய் வந்தது. செலவு கட்டுப்படியாகவில்லை, சீக்கிரமே மூடிவிட்டார்கள்.

கரியில் பாதிக்கு மேல் சாம்பல், அடுப்புக்கு லாயக்கில்லை. வயலுக்கு ஆகலாம்: கிருமி செத்திருக்கும், பாஸ்பரஸ் தங்கியிருக்கும். கூடவே ஈயமும் துத்தநாகமும் தங்கியிருக்கும். தோல் ஷெட் தண்ணீர் கலக்கிற ஊரென்றால் குரோமியமும். டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் எந்த விவசாயி தலையிலாவது கட்டினால் பாவம் உனக்கும் சேரும்.

இவ்வளவு சொன்னதால் நான் விரோதி என்று நினைக்காதே. எனக்கு இந்தத் தொழில்நுட்பம் உண்மையிலேயே பிடிக்கும். பிரிஸ்பேன் அருகே லோகன்ஹோமில் 2022-ல் கேஸிஃபிகேஷன் நிலையம் திறந்தார்கள். கொஞ்சமாகக் காற்று விட்டுக் கசடை எரிவாயுவாக்கும் முறை அது, இதற்குச் சித்தப்பா மகன் முறை. வருகிற சூட்டைக் கசடு காயவைக்கவே திருப்பிவிடுகிறார்கள். லாரி லாரியாக ஏற்றிப்போய்க் கொட்டும் செலவு மிச்சம், லாபம் அங்கேதான். நம் பக்கத்தில் வாரங்கல்லில் செப்டிக் டேங்க் கசடை இப்படிக் கரியாக்கும் நிலையம் போட்டார்கள். கசடைத் தொலைத்துக் கொடுப்பதற்கு நகராட்சி காசு தரும் என்றால் இது தொழில். எண்ணெய் விற்றுச் சம்பாதிப்போம் என்றால் உன் பணம் தண்ணீரைக் கொதிக்க வைக்கத்தான் போகும்.

லலிதா போன பிறகு சும்மா உட்கார உனக்குப் பயமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏதாவது செய், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பிஎஃப் பணம் அவள் நகை வாங்காமல் மிச்சம் பிடித்தது, அதை மட்டும் யோசி.

அந்த ஆளிடம் மூன்று கேள்வி கேள்: உள்ளே போகும் கேக்கில் ஈரம் எத்தனை சதவீதம்? காயவைக்கும் சூடு எங்கிருந்து வருகிறது? டன்னுக்கு நகராட்சி எவ்வளவு தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறது? மூன்றாவதற்குக் காகிதம் காட்டினால் எனக்குப் போன் பண்ணு, நானே வந்து பார்க்கிறேன்.

அப்புறம், தை மாதம் ரங்கனின் மகள் கல்யாணம். பத்திரிகை வந்திருக்குமே? ரயிலுக்கு இப்போதே டிக்கெட் போடு, கீழ் பெர்த் கிடைக்காது.

அன்புடன்,
மூர்த்தி